பாட்டுக்கு முன்னால் ஒரு முழம்

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். மாட்டினேன். மறுபடியும் கழற்றினேன்.

குழந்தை அழுவது போலக் கேட்டது. ஆனால் குழந்தை அங்கே இல்லை. ஏழு கிலோமீட்டர் தள்ளி, எங்கள் பக்கத்து வீட்டு ரோஸி அக்காவின் மடியில் இருந்தாள். நான் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே புதிதாக முளைத்திருந்த ஒரு கேசட் கம்பெனியில், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவரெல்லாம் மேடும் பள்ளமுமாக ஸ்பாஞ்சு. கதவைச் சாத்தினால் வெளியே ஓடும் மெஷின் சத்தம் அறுந்துபோகும். அப்புறம் என் மூச்சு எனக்கே கேட்கும். புது ஸ்பாஞ்சின் வாசனையும், என் ரவிக்கையில் கசிந்து காய்ந்த பாலின் வாசனையும் கலந்து ஒரு மயக்கமாக இருக்கும்.

கேட்பதுதான் என் வேலை.

1991. தீபாவளி முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்கலாம், நான்கு நாளும் ஆகியிருக்கலாம். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். அந்த அறைக்குள் மழையும் கேட்காது. தலை நனைந்து யாராவது கதவைத் திறந்தால்தான் தெரியும்.

அன்று என் காதுக்குள் இருந்தவர்கள் நான்கு இங்கிலாந்துப் பையன்கள்.

நான்கு பையன்கள்

அந்த வருஷக் கோடையில் எங்கள் ஊர்ப் பெயரை உலகத்து ரேடியோ எல்லாம் சொன்னது. அதை எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இந்தச் சின்ன அறையும் அதில் நான் கேட்ட பாட்டுகளும்தான். பெயர்களை இந்தத் தொடரில் முழுதாகச் சொல்வதில்லை என்று முதல் வாரமே எழுதிவிட்டேன். அந்தப் பையன்களுக்கும் அதே சட்டம்.

பம்பாயிலிருந்து வந்த மாஸ்டர் டேப்போடு ஒரு குறிப்பும் வந்திருந்தது. முதல் இரண்டு ஆல்பமும் போணியாகவில்லை, மூன்றாவதான இதில்தான் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்திருக்கிறது, இந்தியாவில் இதுதான் முதல் வெளியீடு, கவனமாகச் செய்யவும் என்று எழுதியிருந்தார்கள்.

உறையில் அவர்கள் ஒரு கடற்கரையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார்கள். கடற்கரையில் எதற்கு ஸ்வெட்டர் என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஒருவனுக்கு மூக்கு சிவந்திருந்தது. இவனுடைய அம்மா இந்தப் படத்தைப் பார்த்திருப்பாளா என்று யோசித்தேன். அப்போது எனக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் ஓடும்.

ஒரு பாட்டும் மூன்றரை நிமிஷத்தைத் தாண்டாது. கிடார்கள் வெயிலில் கவிழ்த்துவைத்த எவர்சில்வர் பாத்திரம் போலப் பளபளக்கும். இரண்டு மூன்று குரல்கள் கைகோத்துக்கொண்டு மேலே ஏறும். அவசர அவசரமாகச் சந்தோஷப்பட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். வார்த்தைகளைக் கவனித்தால் அதில் சந்தோஷமே இருக்காது. ஒருவன் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பான். ஒருத்தி கடிதம் போடாமலே இருந்திருப்பாள். ஏன் இத்தனை துள்ளிக்கொண்டு இதைச் சொல்கிறார்கள் என்று முதல் நாள் புரியவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பாட்டுகள் என்னோடு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தன.

எங்கள் கம்பெனியில் ஆங்கிலப் பாட்டு அபூர்வம். ஆடியில் அம்மன், சஷ்டிக்கு முருகன், கார்த்திகைக்கு முன்னால் ஐயப்பன். கழிவு டேப்பைச் சுற்றுவட்டார விவசாயிகள் சாக்கில் கட்டிக்கொண்டு போய் நெல் வயல்மேல் இழுத்துக் கட்டுவார்கள். காற்றடித்தால் அது ரீங்காரம் போடும், குருவி கிட்டே வராது. காலையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பச்சைக்கு மேலே பழுப்புக் கோடுகள் மின்னி மின்னி ஓடும். எந்த வயலில் எந்தச் சாமி பாடிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறு மாதம்

நான் காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். படித்ததும் கல்யாணம், அடுத்த வருஷம் குழந்தை. குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்தபோது இந்த வேலை வந்தது. என் கணவர் ஒரு வார்ப்படக் கம்பெனியில் ஃபிட்டர். தடுக்கவில்லை. ஆனால் சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னார்.

"ஆறு மாசம் பாரு. கன்ஃபர்ம் பண்ணாங்கன்னா போய்க்கினு இரு. பண்ணலன்னா வூட்டோட இருந்துடு. புள்ளைய போட்டு அலைக்கழிக்க வேணாம்."

நியாயம்தானே என்று தோன்றியது. சரி என்று நானே வாயால் சொன்னேன்.

அந்த ஆறு மாதம் அந்த வாரச் சனிக்கிழமையோடு முடிந்தது. சூப்பர்வைசர் தேவராஜ் சார் சிபாரிசு எழுதி, மேனேஜர் மத்தியானம் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் வீட்டில்.

வீட்டில் இருப்பது கெட்டதா என்று கேட்டால் எனக்கு அப்போது பதில் தெரியாது. குழந்தை ஒன்பது மாதமாகியும் தவழவில்லை. நான் கூட இல்லாததால்தானோ? தினம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோஸி அக்கா வீட்டுக்கு ஓடுவேன்.

"இன்னாத்துக்கு இப்டி மூச்சு வாங்க ஓடியார? புள்ள நல்லாத்தான் கீது" என்பார் அவர்.

"தவழ்ந்தாளா அக்கா?"

"தவழாத கொயந்தைங்க எல்லாம் நேரா எய்ந்து நடந்துடும். எம்பையன் அப்டித்தான். இப்ப பாரு, வூட்லயே நிக்க மாட்றான்."

சிரிப்பேன். வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டுப் பார்ப்பேன். அவள் தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பாயில் கன்னத்தை வைத்துக்கொள்வாள்.

அந்தச் சின்ன அறையைவிட்டு விலகவும் எனக்கு மனசில்லை. படித்த படிப்பு என் காதில் வேலை செய்த ஒரே இடம் அதுதான். இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

தூரத்துக் குரல்

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. அதற்கு முன்னால் வெற்று இடம் வரும். அந்த வெற்று இடத்தில் யாரோ பாடினார்கள். மிக மெல்ல, தெருமுனை வீட்டிலிருந்து கேட்பது போல. இரண்டு விநாடிதான். பிறகு ஒரு நொடி மௌனம். அப்புறம் டிரம்மும் கிடாரும் மொத்தமாக விழ, அதே அடியைப் பெரிய குரலில் பாடினார்கள்.

நான் குழந்தையின் அழுகை என்று நினைத்தது அந்த மெல்லிய குரலைத்தான்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: பிரிண்ட். டேப்பைச் சுற்றி வைக்கும்போது ஒரு சுற்றின் காந்தம் அதையொட்டிய சுற்றில் லேசாகப் படிந்துவிடும். சாயம் காயாத புடவையை மடித்தால் பூ அடுத்த மடிப்பில் மங்கலாகப் பதியுமே, அப்படி. அதனால் உரக்க ஆரம்பிக்கிற பாட்டுக்கு முன்னால் அதன் நிழல் கேட்கும். கண்டுபிடித்தால் குறை என்று எழுதிச் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். இதைத்தான் முதல் வாரம் எனக்குச் சொல்லித்தந்தார்கள்.

ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தேன். நிழலுக்கும் பாட்டுக்கும் இடையே இருந்த நேரம் ரீலின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறையப் பொருந்தியது. ஏழெட்டுத் தடவை கேட்டேன். பிறகு சிவப்பு அட்டையை எழுதினேன்.

தேவராஜ் சார் மணிமங்கலத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். வந்து ஒரே தடவை கேட்டார்.

"பிரிண்ட்டுதான். இத்த நான் வுட்டிருப்பேன். நல்ல காதும்மா உனக்கு."

அப்போதே பம்பாய்க்கு எஸ்.டி.டி. போட்டார். அங்கே யாரோ அவசரத்தில் இருந்தார்கள். அங்கேயே சரிசெய்துகொள்ளுங்கள், தேதியைத் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய மாஸ்டரை அன்று சாயங்காலமே திருப்பி அனுப்பியாயிற்று. கேசட்டுகளில் பதிப்பதற்காக அதிலிருந்து நாங்கள் எடுத்துவைத்த ஓட்டப் பிரதி மட்டும் இருந்தது. அதில்தான் வெட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை நானே வெட்டினேன். பிளேடைச் சாய்த்து இரண்டு வெட்டு. விழுந்த துண்டை முழங்கையிலிருந்து நடுவிரல் வரை பிடித்துப் பார்த்தேன். சரியாக ஒரு முழம்.

கேசட்டுக்கு டேப் சுற்றும் கன்னியம்மா கதவருகே நின்று வேடிக்கை பார்த்தாள். வல்லக்கோட்டைக்காரி. ஏழாவது வரை படித்துவிட்டு எனக்கு முன்பே வேலைக்கு வந்தவள்.

"இன்னாமே, பூவா அளக்கற? கொசுறு வுட்டு அளமே" என்றாள்.

வெட்டிய இடத்தில் அதே அளவு வெற்று டேப்பை வைத்து ஒட்டினேன். இப்போது மூன்றாவது பாட்டு சுத்தமான மௌனத்திலிருந்து டமாலென்று ஆரம்பித்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய குறை எதையாவது பிடித்தால், அந்தத் துண்டை ஒரு தாளில் செலோ டேப்பால் ஒட்டி, பிடித்தவர் பெயரை எழுதிக் கோப்பில் வைப்பார்கள். தேவராஜ் சார் அந்த ஒரு முழத்தை நாலாக மடித்து, முனைகளை மட்டும் ஒட்டி, என் கன்ஃபர்மேஷன் சிபாரிசோடு குண்டூசி போட்டார்.

"மேனேஜரு இத்தப் பாத்தாலே போதும். நாளைக்கி லெட்டர் வாங்கிக்க" என்றார்.

அண்டாத் தண்ணீர்

அன்று சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டினேன். பித்தளை அண்டாவில் வெதுவெதுப்பாகத் தண்ணீர். என் முட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மழை விட்டிருந்தது. கொல்லைக்கு அப்பால் ஏரி நிரம்பி, அதன்மேல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டிருந்தது.

வாய் தானாக அந்தப் பாட்டை முனகியது. முதலில் மெதுவாக, மூச்சுக்குள்ளேயே, அந்தத் தூரத்துக் குரலைப்போல. பிறகு ஒரு நொடி நிறுத்தினேன். டிரம் விழும் இடத்தில் உள்ளங்கையால் தண்ணீரை அடித்தேன்.

குழந்தை சிரித்தாள். உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள்.

மறுபடி செய்தேன். இந்தத் தடவை நான் முனக ஆரம்பித்ததுமே அவள் அசையாமல் ஆகிவிட்டாள். கண்ணை அகட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் கையையே பார்த்தாள். கை விழுந்தது. சிரிப்பு. முனகலே இல்லாமல் வெறுமனே அடித்துப் பார்த்தேன். திடுக்கிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, என் கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

நான் முனகும்போது தண்ணீரை அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை? ஏனென்றால் அங்கே டிரம் கிடையாது. நான் கேட்டது வெறும் குரல். பிரிண்ட் என்றால் எது உரக்க இருக்கிறதோ அதுதான் முதலில் படிய வேண்டும். டிரம் படியாமல், கிடார் படியாமல், குரல் மட்டும் எப்படிப் படியும்? எந்தக் காந்தம் அப்படிப் பொறுக்கியெடுக்கும்?

அந்தப் பையன்கள் அதை வேண்டுமென்றே பாடிவைத்திருக்கிறார்கள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாளே, கேட்கிற எல்லாரையும் அப்படிக் காக்கவைக்க.

அதை நான் பிளேடால் எடுத்துவிட்டேன்.

தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. குழந்தையைத் துவட்டினேன். ஒருவேளை டிரம் இருந்ததோ? என் ஞாபகம்தான் தப்போ? ஒரு முழத்துக்காக ஊரைக் கூட்டினால் சிரிப்பார்களோ? இந்த ஊரில் எத்தனை பேர் அந்தப் பாட்டைக் கேட்கப்போகிறார்கள்? கேட்டாலும், இல்லாத ஒன்றை யார் தேடப்போகிறார்கள்? சாம்பிராணி போடும்போதும், பாலூட்டும்போதும் இதே ஓடியது. கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒரு வழி சொல்லிவிடுவார், அதையே நானும் பிடித்துக்கொள்வேன் என்று பயந்தேன்.

சனிக்கிழமை

பத்து மணிக்கு ஓட்டம் தொடங்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மெஷினை ஐயப்பன் பாட்டுக்கு விட்டாக வேண்டும்.

எட்டே காலுக்குக் கன்னியம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"படிச்ச பைத்தியமாமே நீ? வாய மூடிக்கினு இருந்தா இன்னிக்கி லெட்டரு கையில கீது. இங்கிலீஷ்காரன் இன்னா வந்து எண்ணிப் பாக்கப் போறானா?"

"தெரியும்."

"தெரிஞ்சிமா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் கால்கள் தேவராஜ் சாரின் மேஜைக்குப் போய்விட்டன.

"சார், நேத்து வெட்டினது பிரிண்ட் இல்ல சார்."

பேனாவைக் கீழே வைத்தார். "இன்னாம்மா சொல்ற?"

"அதுல டிரம் இல்ல சார். குரல் மட்டுந்தான். பிரிண்டா இருந்தா டிரம்தான் முதல்ல கேட்கணும். அவங்க வேணும்னே பாடியிருக்காங்க."

"அன்னிக்கி எட்டு வாட்டி கேட்டியே, அப்ப தெரியலியா?"

"தெரியல சார். பிரிண்டான்னு மட்டுந்தான் பார்த்தேன்."

"நிச்சயமா சொல்றியா?"

இந்தக் கேள்விதான் எனக்கு எமன். பிறந்ததிலிருந்து நான் எதையும் நிச்சயமாகச் சொன்னதில்லை.

"கேட்டுப் பார்த்துடலாம் சார்" என்றேன்.

கேட்க வேண்டுமென்றால் அந்தத் துண்டு வேண்டும். அது என் சிபாரிசுத் தாளின் பின்னால் இருந்தது. அவர் அந்தக் கோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். திறக்கவில்லை.

"நான்தாம்மா பம்பாய்க்கி போன் போட்டேன். உன் பேரு மட்டுமில்ல, என் பேரும்தான் போவும்."

"ஆமாம் சார்."

குண்டூசியை உருவினார்.

துண்டை நானே உரித்தேன். பசை ஒட்டிய முனைகளை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை போயிற்று. மடித்த தடங்களை நகத்தால் நீவிவிட்டேன். எது முன், எது பின் என்று வெள்ளைப் பென்சிலால் அம்புக்குறி போட்டிருந்தேன், நல்லவேளை. வெற்று டேப்பை எடுத்துவிட்டு அதை அதன் இடத்தில் வைத்து ஒட்டினேன்.

சின்ன அறையில் ஒரே ஹெட்ஃபோன். அவர் மாட்டிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குரல் வரும் இடம் எனக்குத் தெரிந்தது. அவருடைய தலை லேசாகச் சாய்ந்தது. புருவம் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. மூச்சைப் பிடித்தார். பிறகு தோள்கள் இறங்கின.

ரீலைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவை சோதிப்பதற்காகக் கேட்கவில்லை என்று எனக்குப் பட்டது.

"டிரம் இல்ல" என்றார் கடைசியில். ஹெட்ஃபோனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "எங்கியோ தூரத்துல நின்னுக்கினு கூப்பிடறான்."

பத்தரைக்கு ஓட்டம் தொடங்கியது. எங்கள் மெஷினில் ஒரு பக்கத்துப் பாட்டு முழுவதும் ஒரு நிமிஷத்துக்குள் கீச்சென்று ஓடிவிடும். அந்த இரைச்சலில் எந்தக் குரலும் தனியாகக் கேட்காது. கேசட்டுகள் அடுக்கடுக்காக வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் அந்தக் குரல் இருந்தது, இரண்டு விரற்கடை குறைவாக.

பதினொரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். திட்டவில்லை. தவறு யாருடையது என்று எழுதித் தரச் சொன்னார். 'குறை இல்லாத இடத்தில் குறை என்று நான் எழுதியது தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கி என் கோப்பில் வைத்தார். கன்ஃபர்மேஷன் இப்போதைக்கு இல்லை, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். தேவராஜ் சாருக்கும் பம்பாய்க்கு விளக்கக் கடிதம் எழுதச் சொல்லி உத்தரவாயிற்று. வராந்தாவில் அவர் என்னைத் தாண்டிப் போனபோது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று வீட்டில்

ரோஸி அக்காவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா, லெட்டரு வந்துதா?"

"வரல."

"ஏன்?"

சொன்னேன். நின்றபடியே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து. பிரிண்ட் என்றால் என்ன, நான் ஏன் வெட்டினேன், ஏன் ஒட்டினேன் எல்லாம். தொழிற்சாலையில் அவரும் வார்ப்படத்தில் குறை பார்ப்பவர். ஒரே ஒரு இடத்தில் "அத்த நீயே போய் சொன்னியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கழற்றிய சட்டையை உதறினார்.

"அப்ப, ஆறு மாசம் ஆயிடுச்சே" என்றார்.

அவர் எதை ஞாபகப்படுத்துகிறார் என்று எனக்குத் தெரியும். நான் சொன்ன 'சரி' எனக்கும் ஞாபகம் இருந்தது. பஸ்ஸில் வந்த ஏழு கிலோமீட்டரும் அந்த ஒரு வார்த்தையைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் சொல்வதற்கு முன் நானே சொல்லி, நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"திங்கக்கெழமை காலைல எனக்கு முதல் ஷிஃப்ட்" என்றேன். "பாப்பாவை ரோஸி அக்காகிட்ட விட்டுட்டுப் போறேன்."

குரல் எனக்கே புதிதாக இருந்தது. திருத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறதா என்று காத்திருந்தேன். தோன்றவில்லை.

அவர் சட்டையை ஆணியில் மாட்டினார். கை கழுவிவிட்டு வந்தார். குழந்தையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எத்தினி மணிக்கி பஸ்ஸு?" என்று கேட்டார்.

"ஆறே கால்."

"அப்ப புள்ளைய நானே இட்டுனு போய் வுட்டுடறேன். நீ ஓடாத."